மதிலோரத்து ஈரம்

என்னிடம் செடி வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேரை நிற்க வைத்துத் திட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. உள்ளங்கை அகலத் தொட்டியில் வாங்கிப் போவார்கள். அது இடுப்பு உயரம் வளர்ந்த பிறகும் அதே தொட்டியில் வைத்திருந்துவிட்டு, “கனகம் அக்கா, செடி வதங்குது, மருந்து ஏதாச்சும் குடுங்க” என்று வந்து நிற்பார்கள். உள்ளே வேர் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றித் தன்னையே நெரித்துக்கொண்டு கிடக்கும். அதற்கு என்ன மருந்து இருக்கிறது? தொட்டியை மாற்று, சுற்றின வேரை வெட்டிவிடு என்பேன். வேரை வெட்டினால் செத்துப் போகாதா என்பார்கள். அப்புறம் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. “நீ செடிக் கடை வச்சிருக்கியா, சண்டைக் கடை வச்சிருக்கியா?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

நான் பிறந்தது சிக்கல் என்கிற ஊரில். கண்மாய் வண்டலில் கால் வைத்து வளர்ந்தவள். கட்டிக்கொண்டு வந்தது பாம்பன் பக்கம். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் போடுகிற மண்ணாவது உண்டு. எங்கள் கரையில் அதுவும் கிடையாது. தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் உப்புத் தண்ணீர். அதனால் இங்கே செடி என்றால் வாளியிலும் தொட்டியிலும்தான். வண்டலை ஊரிலிருந்து லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து ரோட்டோரத்தில் கடை போட்டிருக்கிறேன்.

அன்றைக்குக் காலையில் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். மரியதாஸ் வந்து நின்றான். மீன்பிடித் தடைக்காலம் அது. போட்டெல்லாம் கரையில் கிடக்க, ஆண்கள் வலையைச் சரிபார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிற நேரம். செடி வாங்குகிற முகமாக அவன் முகம் இல்லை.

“அக்கா, எங்க அக்கா போயிருச்சு” என்றான்.

அவன் அக்கா செபமாலை. கல்யாணம் கட்டாதவள். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட, கடலில் முங்கிப் பாசி எடுத்து விற்றுத் தம்பியை ஆளாக்கியவள்.

“ஐயோ, எப்பய்யா?”

“விடியக்காத்தால. நெஞ்சு அடைக்குதுன்னுச்சு. வண்டி பிடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “சாயந்தரம் அடக்கம். நீங்க இப்பவே கல்லறைத் தோட்டத்துக்கு வரணும்க்கா. பெரிய தொட்டி ஒண்ணு, கத்தி, சாக்கு, மண்ணு எல்லாம் எடுத்துக்கங்க.”

“எழவுக்குத் தொட்டி எதுக்குய்யா?”

“லீமா குழிய வெட்ட விடமாட்டேங்குறா.”

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு விளங்கிவிட்டது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

லீமாரோஸ் அவன் பெண்டாட்டி. அவர்களுக்கு ஆன்சி என்று ஒரே பிள்ளை. பள்ளிக்கூட லீவில் ஒரு நாள் அந்தப் பிள்ளை அத்தை பின்னாலேயே பாசி எடுக்கப் போயிற்று. செபமாலை அதைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் முங்கினாள். எழுந்து பார்த்தால் கரையில் செருப்பு மட்டும் கிடக்கிறது. அவளேதான் பிள்ளையைத் தேடி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தாள். அந்தக் கோலத்தை நான் பார்த்தேன். அதைச் சொல்ல மாட்டேன்.

பிள்ளையின் அடக்கத்தன்று குழி மேட்டில் நின்று லீமா நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள்: “இனி எம்பிள்ளை கிடக்கிற இடத்துல உன் நிழல் விழுந்துச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்.” அதுதான் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு. ஒரே வீட்டில் இத்தனை வருசம் இருந்தார்கள். சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். செபமாலையும் அதற்கப்புறம் கல்லறைத் தோட்டத்து வாசலை மிதிக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு உள்ளே போகும். அவள் மட்டும் ரோட்டில் நிற்பாள்.

பிள்ளை போன அந்த மாதமே லீமா என் கடைக்கு வந்து ஒரு நந்தியாவட்டைக் கன்று வாங்கினாள். பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு நானே நட்டுக் கொடுத்தேன். கடல்காற்று சாய்த்துவிடாமல் இருக்க வாளியைப் பாதிவரை மணலில் புதைத்துப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தண்ணீர் ஊற்றுவாள். செடி கன்னாபின்னாவென்று வளர்ந்து பூத்தது.

“வாரத்துக்கு ஒருக்கா ஊத்தி இந்த வெயில்ல எப்படிடீ பொழைக்குது?” என்று நான் கேட்கத்தான் செய்தேன்.

“பாப்பா பாத்துக்கிறா அக்கா. வேரு கீழ அவகிட்டப் போயிருச்சு” என்றாள்.

வாளியை மாற்று, வேர் சுற்றிவிடும் என்று எத்தனையோ தடவை சத்தம் போட்டேன். காதிலேயே வாங்கவில்லை.

இப்போது அந்தக் குழியைத் திறந்தாக வேண்டும். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் சின்னது. குடும்பத்துக்கு ஒரு குழிதான். அடுத்தவர் போகும்போது அதையே திறந்து, முன்னே கிடந்தவரின் எலும்பைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் கட்டி, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து மூடுவார்கள். குடும்பக் குழி இல்லாதவர்களுக்கு வடக்கு மூலை. கடலில் செத்துக் கரை ஒதுங்குகிற பேர் தெரியாத பிணங்களை எல்லாம் அங்கேதான் போடுவார்கள்.

நான் போனபோது லீமா வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். மரியதாஸின் சித்தப்பா மகன் ஜோஸ்வின் மண்வெட்டியோடு தள்ளி நின்றான். பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

“வாங்கக்கா” என்றாள் லீமா. கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. “இவுககிட்டச் சொல்லிட்டேன். செடிய உசுரோட எடுக்கணும். ஒரு வேரு அறக்கூடாது. அப்படி எடுத்துட்டீங்கன்னா குழிய வெட்டிக்கட்டும். இல்லைன்னா அவள வடக்கு மூலையில போடட்டும்.”

“வேரு அறாம எந்த ஊர்லடீ செடியத் தொட்டி மாத்துறாங்க?”

“அது எனக்குத் தெரியாது.”

“தெரியாமலா சொல்ற? முடியாதுன்னு தெரிஞ்சுதானே சொல்ற.”

“ஆமா” என்றாள். “எம்பிள்ளைய விட்டுட்டு முங்குனவ அவ. அவளக் கொண்டுவந்து எம்பிள்ளை பக்கத்துல படுக்க வைப்பீங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. செத்தவளோடு என்னடீ சண்டை என்று கேட்க வாயெடுத்தேன். மரியதாஸைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

“என்னைய ஆத்தா மாதிரி வளத்தவக்கா” என்றான் மெல்ல. “பேரு தெரியாத பொணத்தோடயா போடுறது?” அவன் பெண்டாட்டியிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டான். லீமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மண்டி போட்டு வாளியைச் சுற்றி மணலைக் கையால் பறித்தேன். வெயிலில் காய்ந்த வாளி, கத்தி பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. உள்ளே நான் போட்ட வண்டலைத் தேடினேன். மண்ணே இல்லை. முழுக்க வேர். வாளி உடைந்த பிறகும் வாளியின் உருவத்திலேயே நின்றது. தடித்தது, நூல் மாதிரி மெலிந்தது, காய்ந்து கறுத்தது, எல்லாம் ஒன்றையொன்று சுற்றி இறுகிப் போயிருந்தன. இதை ஒன்றும் அறாமல் எடுக்க வேண்டுமாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“நான் பிரிக்கிறேன்க்கா. வலைச் சிக்கு எடுக்குற கைதானே” என்று மரியதாஸ் உட்கார்ந்தான்.

கடல்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வலை எவ்வளவு சிக்கினாலும் கத்தியை எடுக்க மாட்டான். பொழுதெல்லாம் ஆனாலும் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பிரிப்பான். அதையேதான் இங்கேயும் செய்தான். கேன் தண்ணீரை மடமடவென்று ஊற்றி வேரைக் கழுவினான். ஒரு நுனியைப் பிடித்து, அது போகிற வழியே விரலை விட்டு, எது எதற்கு மேலே கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தான். பிரித்ததை வலையை விரிப்பதுபோல வெயிலில் பரப்பி வைத்தான். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏய்யா, வேரு என்ன நைலான் நூலா, காய வைக்கிறதுக்கு? காத்துப் பட்டாலே செத்துரும்ய்யா!”

பதறிப் போய்க் கையை எடுத்துவிட்டான். சாக்கை நனைத்து மேலே மூடினேன். அதற்கப்புறம் சாக்குக்குள்ளேயே கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தான். பொய் சொல்லக் கூடாது, பாதியைப் பிரித்தும் விட்டான். விரலில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. வீட்டில் அக்கா பெட்டிக்காகக் காத்துக் கிடக்கிறாள். இவன் இங்கே வேரைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.

மேலே எப்படியோ சமாளிக்கலாம். கீழேதான் தொல்லை. வாளியின் அடி ஓட்டை வழியாக ஒரு வேர், என் பெருவிரல் தடிமன், மணலுக்குள் இறங்கியிருந்தது.

“அதுதான்” என்றாள் லீமா. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அதுதான் பாப்பாகிட்டப் போறது. அதை அறுத்தீங்கன்னா எம்பிள்ளையவே இன்னொரு தரம் அறுத்த மாதிரி. பாத்து எடுங்கக்கா.”

நானும் அது நேரே கீழேதான் போகும் என்று நினைத்தேன். விரலால் மணலை விலக்கிக்கொண்டே போனேன். கொஞ்ச ஆழத்திலேயே வேர் வளைந்தது. பிள்ளை கிடக்கிற பக்கம் போகவில்லை. மேற்கே, மதிலைப் பார்க்கத் திரும்பியது.

லீமாவும் பார்த்தாள்.

தலைமாட்டிலிருந்து மதில் நாலு எட்டு தூரம்தான். வேரை விடாமல் மணலைப் பறித்துக்கொண்டே போனேன். மேலே அனலாகக் கொதித்த மணல், மதில் கிட்டே போகப் போகக் குளிர்ந்தது. மதிலடியில் கையை விட்டால் நல்ல ஈரம். அங்கேதான் அந்த வேர் கொத்துக் கொத்தாகப் பிரிந்து, வெள்ளை வெளேரென்று இளவேர் விட்டுக் கிடந்தது. வாளிக்குள் இருந்ததெல்லாம் பாதி செத்த வேர். இந்தச் செடி இத்தனை வருசம் பிழைத்தது இங்கே குடித்துத்தான்.

“இங்கன ஏதுக்கா ஈரம்?” என்றாள் லீமா. “மழை பேஞ்சு எத்தன மாசமாச்சு.”

மதிலின் அடிக்கல் ஒன்று பெயர்ந்திருந்தது. அந்தப் பொந்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு செருகியிருந்தது. எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. வாசலைச் சுற்றிக்கொண்டு மதிலுக்கு வெளிப்பக்கம் போனேன்.

அங்கே உடைமரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் குழாயின் மறுவாய் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மணலில் இரண்டு குழிவு, ஆள் முழங்கால் போட்டுப் போட்டு விழுந்த குழிவு. மதில் கல்லில் மெழுகு உருகி உருகித் திட்டாக ஒட்டியிருந்தது. உடைமரக் கிளையில் பாதியாக வெட்டிய நீலக் கேன் ஒன்று, வலைக் கயிற்றில் கைப்பிடி கட்டித் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

லீமா அதைப் பார்த்த மாத்திரத்தில், “அவ கேனு” என்றாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

மரியதாஸ் தலை நிமிரவில்லை. “நீ உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டியே. அதான் வெளிய இருந்தே ஊத்திச்சு. பாப்பா போனப்புறம் கடல்ல கால நனைக்கிறத விட்டுட்டுக் கம்பெனிக்குக் கருவாடு பிரிக்கப் போச்சுல்ல, போற வழியில தினமும் ஊத்திட்டுத்தான் போகும். காய்ச்சலா இருந்தாலும் போகும். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருச்சு.”

ஜோஸ்வின் மண்வெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

“அப்ப வேரு பாப்பாகிட்டப் போகவே இல்லையா அக்கா?” என்றாள் லீமா.

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். “இல்லடீ” என்றேன் கடைசியில். “தண்ணி வந்த பக்கம் போயிருக்கு.”

“அப்ப எம்பிள்ளை தனியாத்தான் கிடந்துச்சு.” மணலில் கையை வைத்துத் தடவினாள். “இது இங்கிட்டுத் தனியா. அவ அங்கிட்டுத் தனியா. நடுவுல நான் ஒருத்தி.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மார்பில் அடித்துக்கொண்டு அழவில்லை. பிள்ளைகள் ஏங்கி ஏங்கி அழுவார்களே, அப்படி அழுதாள். அழுகைக்கு நடுவே என்னிடம் சொன்னாள்: “ராத்திரி அவ கையப் பிடிக்காட்டி பாப்பா தூங்காதுக்கா. நான் பக்கத்துல போட்டுப் படுத்தாலும் முழிப்பு வந்துச்சுன்னா எந்திரிச்சு அவகிட்டப் போயிரும். பெத்தவ நான் இருக்கேன், அவ கைதான் வேணுமாம். எனக்கு அப்பவே பத்திக்கிட்டு வரும்.”

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? அழட்டும் என்று விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் கத்தியை எடுத்தாள். “எங்கன வெட்டணும்?”

“நீ வேணாம்டீ. நான் வெட்டுறேன்.”

“எங்கனன்னு சொல்லுங்க.”

இடத்தைக் காட்டினேன். ஒரே அறுப்பில் அறுத்தாள். வெட்டுவாயில் வெள்ளையாகப் பால் வடிந்தது. அவள் அதைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் வேலை என் கைக்கு வந்தது. மரியதாஸ் பிரித்த வேரை விட்டுவிட்டு, கறுத்துப் போனதையும் அடியில் பாயாகச் சுற்றியதையும் சீவி எறிந்தேன். தொட்டி ஓட்டையில் ஓட்டுச் சில்லு வைத்து, வண்டலும் மக்கிய எருவும் கலந்து போட்டு, செடியை நட்டுக் குச்சியால் மண்ணைக் குத்தி இறக்கினேன். வேரைக் குறைத்தால் தலையையும் குறைக்க வேண்டும். கிளைகளைப் பாதிக்கு மேல் கழித்தேன். பூவோடு கழித்த கிளைகளை மரியதாஸ் பொறுக்கி ஓரமாக வைத்தான். மதில் நிழலில் தொட்டியை நகர்த்தி நீலக் கேனில் தண்ணீர் பிடித்து லீமா ஊற்றினாள்.

“பொழைக்குமாக்கா?”

“சொல்ல முடியாதுடீ. புது வேர் விடணும். விட்டா பொழைக்கும்.”

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு ஜோஸ்வினைப் பார்த்து, “வெட்டுப்பா” என்றாள்.

குழியை அவர்கள் வெட்டி இறங்கியபோது நான் பார்க்கவில்லை. லீமா பார்த்தாள். பிள்ளையுடையதாகக் கிடைத்ததையெல்லாம் அவளே கையேந்தி வாங்கினாள். என்னத்தைச் சொல்ல, ஒரு தலையணை உறை அளவு வெள்ளைத் துணியில் எல்லாம் அடங்கிவிட்டது. முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பூசைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

சாயந்தரம் மணியடித்து ஊர்வலம் வந்தது. இத்தனை வருசம் வாசல் மிதிக்காத செபமாலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். கடைசியாக முகம் பார்க்கப் பெட்டியைத் திறந்தார்கள். செபமாலையின் கை இரண்டையும் நெஞ்சில் கோத்து மணிமாலையால் கட்டியிருந்தார்கள். ஜோஸ்வின் எலும்பு முடிச்சைக் கால்மாட்டில் வைப்பதற்காக லீமாவிடம் கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. அதை அணைத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போய் மண்டி போட்டாள். கூட்டத்தில் யாரோ தடுக்க வந்தார்கள். சாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். லீமா மணிமாலையைத் தளர்த்தினாள். விறைத்த கையை மெதுமெதுவாக, நோகுமோ என்பதுபோல, நகர்த்தினாள். அந்தக் கைக்கும் விலாவுக்கும் நடுவே முடிச்சை வைத்து, விரல்களை அதன் மேலே மூடிவிட்டாள்.

“இந்தாங்க மதினி” என்றாள். “பிடிச்சுக்கங்க. இந்தத் தடவ விட்டுறாதீங்க.”

பிறகு எழுந்து, மூடியைச் சாத்தச் சொன்னாள்.